உப்புக்காத்து மேல பழி போடாதீங்க மக்கா

எங்க ஊர் கீழவைப்பார்ல எது கெட்டுப் போனாலும் காரணம் ஒண்ணே ஒண்ணுதான். உப்புக்காத்து. ஃபேன் நின்னு போச்சா? உப்புக்காத்து. கேட் கீல் இத்துப் போச்சா? உப்புக்காத்து. பைக் செயின், ஃப்ரிட்ஜோட அடித்தகடு, மொட்டை மாடி டிஷ் எல்லாத்துக்கும் அதே பதில்தான். சின்ன வயசுல கணக்குல மார்க் குறைஞ்சதுக்குக்கூட சொல்லிப் பார்த்தேன், அம்மாகிட்ட எடுபடலை :-)

விளையாட்டு போதும். 2024 டிசம்பர்ல, கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்னாடி, எங்க அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) எங்க வீட்டுத் திண்ணையில கரண்ட் அடிச்சு விழுந்தார். அன்னைக்கும் ஊரு முழுக்க அதைத்தான் சொன்னாங்க. "பழைய மிஷின்லா, உப்புக்காத்துல போயிருக்கும்." நானும் தலையை ஆட்டிக்கிட்டு நின்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்கு மட்டும் தெரியும். அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன்.

நடந்தது இதுதான். ஸ்டார் தொங்கவிட ஒரு கொக்கி போடணும். வீட்டுல அப்பாவோட டிரில்லிங் மிஷின் இருக்கு. தூத்துக்குடியில செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, இரும்பு பாடி, தூக்கினாலே கை வலிக்கும். வள்ளத்துல பலகைக்கு போல்ட் போட, கதவுக்குத் தாழ்ப்பாள் போடன்னு தெருவுல பாதி வீட்டுக்குப் போய் வந்த மிஷின். அன்னைக்குக் காலையில அக்கா திண்ணையைக் கழுவி விட்டிருந்தா. அத்தான் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வெறுங்கால்ல, இரும்பு ஸ்டூல் மேல ஏறினார். ஒரு கையில மிஷின். இன்னொரு கை பிடிமானத்துக்கு ஜன்னல் கம்பியில.

சுவிட்சை அமுக்கினதும் ஒரு மாதிரி முனகல். அவ்வளவுதான், சத்தம்கூட வரலை. கை மிஷினை விடலை. நாங்க ரெண்டு மூணு பேரு "என்ன, என்ன"ன்னு பார்த்துக்கிட்டு நிக்கிறோம். அக்காதான் ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணினா. அத்தான் ஸ்டூலோட சரிஞ்சு விழுந்தார். உள்ளங்கையில கருகின காயம், மணிக்கட்டுல எலும்பு விரிசல், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி. பிழைச்சுட்டார். ஆண்டவர் புண்ணியம், அக்கா புண்ணியம்.

இப்போ அந்த மீதிப் பாதி. 2021ல லாக்டவுன்ல ஊர்ல இருந்து வேலை பார்த்தேன். லேப்டாப் டேபிள் பக்கத்துல ஒரு பலகை அடிக்கணும்னு இதே மிஷினை எடுத்தேன். மூணு பின் பிளக் உடைஞ்சு கிடந்தது. புதுசு வாங்கணும்னா குளத்தூர் போகணும். மேசை டிராயர்ல ரெண்டு பின் பிளக் ஒண்ணு கிடந்தது. பச்சை வயரை நறுக்கி, டேப்பைச் சுத்தி உள்ள மடிச்சு, மத்த ரெண்டு வயரை மட்டும் மாட்டிட்டேன். மிஷின் ஜம்முன்னு ஓடுச்சு. "நாளைக்கு மாத்திக்கலாம்"னு நினைச்சேன். எங்க தொழில்ல கோடுக்கு மேல "பிறகு சரி செய்யணும்"னு ஒரு வரி கமெண்ட் எழுதிட்டுப் போவோம். எவனும் சரி செஞ்சதில்லை. நானும் செய்யலை. அந்த நாளை மூணு வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு, அத்தான் கையில.

இதுல கொடுமை என்னன்னா, நான் படிச்சது இஇஇ. நாலு வருஷம் எலக்ட்ரிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர் எழுதப் போனவன். எர்த் வயர் எதுக்குன்னு பரீட்சையில படம் போட்டு பதினாறு மார்க்குக்கு எழுதினவன்.

சரி, என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். இது தெரிஞ்சாத்தான் உப்புக்காத்தோட பங்கு எவ்வளவு, நம்ம பங்கு எவ்வளவுன்னு புரியும்.

டிரில்லு மோட்டாருக்குள்ள ரெண்டு கார்பன் கட்டி இருக்கும். சுத்துற பாகத்துல உரசி உரசித் தேயும். தேயுற கரித்தூள் உள்ளேயே படியும். கரி கரண்டைக் கடத்தும். எங்க ஊர்க் காத்துல வர்ற உப்பும் அதோட சேரும். உப்புக்கு ஈரத்தை இழுக்குற குணம் இருக்கு. கரித்தூளும் உப்பீரமும் சேர்ந்து, கரண்ட் இருக்குற இடத்துக்கும் இரும்பு பாடிக்கும் நடுவுல மெல்லிசா ஒரு பாதை போட்டுடும். இது உப்புக்காத்து செஞ்ச வேலை, ஒத்துக்கிறேன்.

ஆனா இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் அந்த மூணாவது பின்னை வச்சிருக்கான். கவனிச்சுப் பாருங்க, அது மத்த ரெண்டை விட நீளம், தடிமன். சொருகும்போது அதுதான் முதல்ல தொடும், உருவும்போது கடைசியாத்தான் விடும். பாடியில கரண்ட் கசிஞ்சா அந்த வழியா மண்ணுக்குப் போயிரணும். நான் அந்த வழியை நறுக்கிட்டேன். அப்புறம் கரண்டுக்குக் கிடைச்ச வழி அத்தானோட ஒரு கையில ஏறி, நெஞ்சு வழியா, ஜன்னல் கம்பியைப் பிடிச்ச கையில இறங்குறது.

"எம்சிபி இருக்கே, விழுந்திருக்குமே"ன்னு கேப்பீங்க. நிறைய பேருக்கு இருக்குற தப்பான நம்பிக்கை இது. எம்சிபி காப்பாத்துறது வயரை, ஆளை இல்ல. 16 ஆம்பியர் எம்சிபி அதுக்கு மேல போனாத்தான் யோசிக்கவே ஆரம்பிக்கும். மனுஷனுக்கு 10 மில்லி ஆம்பியர் சுமாருக்கே விரல் இறுகி, பிடிச்சதை விட முடியாமப் போயிரும். அத்தான் கை மிஷினை விடாததும் அதனாலதான். 30, 50ன்னு போய் சில நொடி நெஞ்சு வழியா ஓடினா இதயத் துடிப்பே குலைஞ்சு போகலாம். 16 ஆம்பியர்னா 16,000 மில்லி ஆம்பியர். ஆள் செத்துக்கிட்டு இருக்கும்போது எம்சிபி சும்மா பார்த்துக்கிட்டு இருக்கும்.

ஆளைக் காப்பாத்துறதுக்குன்னே இருக்குறது ஆர்சிசிபி. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கணக்கு இடிச்சா, கண்ணிமைக்கிற நேரத்துல கட் பண்ணிடும். எங்க வீட்டுல அதுவும் இருந்துச்சு. மழைக்காலத்துல அடிக்கடி விழுதுன்னு 2023ல அப்பா ஒரு ஆளைக் கூப்பிட்டு அதை பைபாஸ் பண்ண வச்சிருந்தார். எங்கேயோ கரண்ட் கசியுதுன்னு அது கத்திக்கிட்டே இருந்திருக்கு. நாங்க அதோட வாயைக் கட்டிட்டோம். ஆபீஸ்ல டெஸ்ட் ஃபெயில் ஆனா பிழையைத் தேடாம டெஸ்டையே தூக்கிட்டு ரிலீஸ் பண்ற புண்ணியவான்கள் உண்டு, அதே கதை.

ஆக, காப்பாத்த ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தரை மகன் வெட்டினான், இன்னொருத்தரை அப்பா வெட்டினார். பழி மட்டும் காத்து மேல.

இந்த இடத்துல எங்க கடற்கரைக் கதை ஒண்ணு. 1961க்கு அப்புறம் தூத்துக்குடியில முத்துக்குளிப்பு நடக்கலை, ஆனா பெருசுங்க இன்னும் அந்தக் கதை சொல்லும். முத்துக் குளிக்க இறங்குறவன் இடுப்புல கயிறு. மேல வள்ளத்துல ஒருத்தன் அந்தக் கயிறைப் பிடிச்சுக்கிட்டு இருப்பான். கீழ இருந்து ஒரு இழுப்பு வந்தா உடனே தூக்கணும். கயிறு பிடிக்க மச்சினனைத்தான் விடுவாங்களாம். ஏன்னா கயிறு நழுவினா தாலி அறுக்குறது அவன் கூடப் பொறந்தவ. மலை ஏறினாலும் மச்சான் தயவு வேணும்னு சும்மாவா சொன்னாங்க.

அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல இதுதான் ஞாபகம் வந்துச்சு. மச்சினன் நான். கயிறு அந்தப் பச்சை வயரு. அத்தானுக்கு இப்போ தெரியும், ஜனவரியில சொல்லிட்டேன். "விடு மாப்ள, நானும் பிளக்கைப் பார்க்காமத்தான எடுத்தேன்"னார். அக்கா ஒரு வாரம் பேசலை. அவ செஞ்சதுதான் சரி.

என்னோட கருத்து இதுதான். கடலோரத்துல இருக்குறவன், காத்துல உப்பு இருக்குன்னு தெரிஞ்சவன், மத்தவனை விட ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருக்கணும். நாம தலைகீழா, உப்பையே சாக்கா வச்சு எதையும் பராமரிக்காம விட்டுடுறோம். இன்னைக்கும் தூத்துக்குடி பக்கம் சங்கு குளிக்கிறவங்க கம்ப்ரசர்ல டியூப் மாட்டித்தான் இறங்குறாங்க. இறங்குறதுக்கு முன்னாடி டியூபைத் தடவிப் பார்க்காத ஆளை நீங்க பார்க்க முடியாது. அதே ஆளு வீட்டுக்கு வந்ததும் டேப் சுத்தின வயரை ரெண்டு தீக்குச்சி வச்சு சாக்கெட்டுல சொருகுவார். தண்ணிக்குள்ள இருக்குற மரணம் கண்ணுக்குத் தெரியுது, சுவத்துக்குள்ள இருக்குறது தெரியலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, சமீப வருஷங்கள்ல இந்தியாவுல வருஷத்துக்கு 10,000 பேருக்கு மேல மின்சாரம் தாக்கிச் சாகுறாங்க.

இனி உபயோகமான விஷயம். அந்த டிசம்பருக்கு அப்புறம் நான் கடைப்பிடிக்கிறது:

1. எடுத்ததும் வயரைப் பாருங்க. பிளக்ல இருந்து மிஷின் வரைக்கும் கையால தடவி வாங்க, பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி. வெடிப்பு, டேப், தளர்ச்சி இருந்தா அன்னைக்கு வேலை இல்ல. வயரைப் பிடிச்சு மிஷினைத் தூக்காதீங்க. சூடா இருக்கும்போது வயரை மிஷின் மேலயே சுத்தி வைக்காதீங்க.

2. பாடியில உள்ள குறியைப் பாருங்க. சதுரத்துக்குள்ள ஒரு சதுரம் போட்டிருந்தா அது டபுள் இன்சுலேஷன். அதுக்கு எர்த் தேவையில்லை, ரெண்டு பின்னோடதான் வரும். இப்போ கடையில கிடைக்கிற பிளாஸ்டிக் பாடி மிஷின் பெரும்பாலும் இதுதான். அந்தக் குறி இல்லாத இரும்பு பாடி மிஷினுக்கு மூணாவது பின் கண்டிப்பா வேணும், அந்த சாக்கெட்டுல நிஜமாவே எர்த்தும் வேணும். டெஸ்டர்ல லைட் எரிஞ்சா ஃபேஸ் இருக்குன்னு அர்த்தம், எர்த் இருக்குன்னு அர்த்தமில்லை. எர்த் குழியை எலக்ட்ரீஷியனை வச்சு அளந்து பாருங்க. அந்தக் குழியில கரியும் உப்பும் போட்டுத்தான் மூடுவாங்க. நம்மளைக் காப்பாத்துறதுலயும் உப்புக்குப் பங்கு இருக்கு பாருங்க. ஆனா எங்க ஊர் மண்ணுல இரும்புக் குழாயும் ஜாயிண்டும் சீக்கிரம் அரிச்சுப் போயிரும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும்னு நினைக்காதீங்க.

3. ஆர்சிசிபியில டெஸ்ட் பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்குங்க. விழுந்தா நல்லது. விழலைன்னா மாத்துங்க. அடிக்கடி தானா விழுந்தா, கசிவு எங்கேன்னு தேடுங்க, பைபாஸ் பண்ணாதீங்க. ஒண்ணு மறக்காதீங்க, ஒரு கையில ஃபேஸ், ஒரு கையில நியூட்ரல்னு நேரா பிடிச்சா அதுக்கும் தெரியாது.

4. ஈரத் தரை, வெறுங்கால், இரும்பு ஸ்டூல் மூணும் கூடாது. காய்ஞ்ச தரை, ரப்பர் செருப்பு, மர ஸ்டூல். இன்னொரு கை கம்பியைப் பிடிக்கக் கூடாது, மிஷினோட பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடிக்கணும். பிட்டு சுவத்துக்குள்ள மாட்டிக்கிட்டா மிஷின் நம்ம மணிக்கட்டைத்தான் திருகும்.

5. சாரத்தோட தொங்கல், தோள் துண்டு, கழுத்துல கிடக்குற ஜெபமாலை, முழுக்கைச் சட்டை இது எல்லாத்தையும் சுத்துற பிட்டு இழுத்துக்கும். கையுறை போட்டா பாதுகாப்புன்னு நினைப்போம், டிரில்லுல அதுவும் சுத்திக்கும். கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் கட்டாயம். கான்கிரீட்னா மூக்குக்கும் ஒரு மாஸ்க்.

6. பிட்டு மாத்தும்போது பிளக்கை உருவிடுங்க. சக் சாவியை சக்குலயே விட்டுட்டு ஆன் பண்ணினா அது தோட்டா மாதிரி பறக்கும்.

7. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் துளை போடாதீங்க. சுவத்துக்குள்ள பைப் அந்த நேர்கோட்டுலதான் பெரும்பாலும் போகும்.

8. அழுத்தாதீங்க. சுவத்துக்கு நுனியில கார்பைடு வச்ச பிட்டு, அதுக்கு மட்டும் ஹேமர். இரும்புக்கு ஹைஸ்பீடு ஸ்டீல் பிட்டு, மெதுவான வேகம், ஒரு சொட்டு எண்ணெய். சரியான பிட்டு தானா இறங்கும்.

இந்த எட்டாவதுக்கு ஒரு சின்ன கொசுவத்தி. துளை போடுற தொழில் மன்னார் வளைகுடாவுக்குப் புதுசு இல்ல. முத்தைக் கோக்கணும்னா துளை வேணுமே. மூணு கால் வச்ச மரக்கட்டை, மேல முத்து உக்கார சின்னச் சின்னக் குழி. முத்தை அதுல பதிச்சு, ஒரு கையால ஊசியோட தலையை அமுக்கிக்கிட்டு, மறு கையால வில்லை இழுத்து இழுத்துச் சுத்துவாங்க. நடு நடுவுல சுண்டு விரலை சிரட்டைத் தண்ணியில நனைச்சு முத்து மேல ஒரு சொட்டு. 19ஆம் நூற்றாண்டுல முத்துக்குளிப்பைப் பார்த்த வெள்ளைக்காரங்க இதை எழுதி வச்சிருக்காங்க. அவசரப்பட்டா முத்து வெடிச்சிரும், ஒரு சீசன் உழைப்பு போயிரும். அதனால பொறுமை தானா வந்துச்சு.

அப்புறம் 1895ல ஜெர்மனியில ஃபைன் சகோதரர்கள் கையில தூக்குற எலக்ட்ரிக் டிரில்லு செஞ்சாங்க. 1917ல அமெரிக்காவுல பிளாக் அண்ட் டெக்கர் அதுக்குத் துப்பாக்கி மாதிரி பிடியும் விசையும் வச்சு பேட்டன்ட் வாங்கினாங்க. வில் இழுத்த கைக்குப் பதிலா 230 வோல்ட் வந்துச்சு. பொறுமை மட்டும் கூட வரலை. (மின் மிஷினுக்கு அந்தச் சிரட்டைத் தண்ணி வைத்தியம் வேண்டாம், சொல்லிட்டேன்!)

பராமரிப்பு ரொம்ப சுருக்கம்தான். வேலை முடிஞ்சதும் பிளக்கை உருவிட்டு, காய்ஞ்ச துணியால துடைங்க. காத்துப் போற ஓட்டையில உள்ள தூசியை பிரஷ்ஷால தட்டுங்க. படகுல, கடல்ல கொண்டு போனதுன்னா, நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சு, அப்புறம் காய்ஞ்ச துணி. சக்குல ஒரு சொட்டு எண்ணெய், மோட்டாருக்குள்ள எதையும் அடிக்காதீங்க. மூடி போட்ட டப்பாவுல, புதுச் செருப்புப் பெட்டியில வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைஞ்சு போட்டு வைங்க. உள்ள பொறி அதிகமா பறந்தா, கருகின வாடை வந்தா, கார்பன் தேய்ஞ்சிருக்கும். ரெண்டையும் ஜோடியாத்தான் மாத்தணும். மாத்தும்போது உள்ள படிஞ்ச கரித்தூளையும் ஊதிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. எங்க மிஷினை அப்படி ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

புதுசா வாங்குறவங்க முடிஞ்சா பேட்டரி மிஷினே வாங்குங்க. சுவத்துல துளை போட 18 வோல்ட் தாராளம். மிஷினே ஷாக் அடிக்கிற பயம் இல்ல. ஆனா சுவத்துக்குள்ள ஓடுற வயர்ல குத்தினா அதுவும் அடிக்கும். கண்ணாடியும் சாரமும் அதுக்கும் பொருந்தும்.

இன்னொண்ணு. இரவல் மிஷின். எங்க ஊர்ல இல்லைன்னு சொல்ல முடியாது, சொன்னா உறவு போயிரும். கொடுங்க. ஆனா கொடுக்கும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை வயரைப் பாருங்க. யார் எதை உடைச்சான்னு கேட்டுச் சண்டை போட வேண்டாம். ஊருக்கெல்லாம் பொதுவான மிஷினை யாருமே பார்க்குறதில்லைங்கிறதுதான் அதோட பெரிய ஆபத்து.

கடைசியா, யாருக்காவது கரண்ட் பிடிச்சா தொடாதீங்க. மெயினை ஆஃப் பண்ணுங்க, இல்லைன்னா பிளக்கை உருவுங்க. ரெண்டுக்கும் வழியில்லைன்னா காய்ஞ்ச கட்டையால தள்ளி விடுங்க. மூச்சு இல்லைன்னா நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சுட்டு 108க்கு போன் போடச் சொல்லுங்க. எங்க வீட்டுல மெயின் சுவிட்ச் எங்கேன்னு யோசிக்காம ஓடினது அக்கா மட்டும்தான். இஇஇ படிச்ச நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன்.

இப்போ ஆர்சிசிபி திரும்ப வந்தாச்சு. எர்த் குழி புதுசா வெட்டியாச்சு. அந்த இரும்பு மிஷினை அப்பா பழைய இரும்புக்குப் போட மனசில்லாம வச்சிருக்கார். வயரை மட்டும் நான் வேரோட வெட்டி எடுத்துட்டேன். இனி யாரும் இரவல் கேட்க முடியாது.

2025 கிறிஸ்மஸுக்கு அதே கொக்கி போட அத்தான்தான் ஏறினார், மர ஸ்டூல்ல, பேட்டரி மிஷினோட. நான் கீழ நின்னு ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டேன். "விடுல, நான் விழ மாட்டேன்"னார். விடலை.

பி.கு: இதைப் படிச்சு முடிச்சதும் வேற எதுவும் செய்ய வேண்டாம். எழுந்து போய் உங்க வீட்டு ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அமுக்குங்க. சீரியல் பார்த்துக்கிட்டு இருக்குறவங்க திட்டுவாங்க. பரவாயில்லை, வாங்கிக்கோங்க :-)